வீட்டு விளக்கும் வேதநாயகர் பாட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தி சற்று முன்னதாகவே வந்துவிடும். மேற்கே நிற்கும் மலைத்தொடர் கதிரவனை மறைத்துக்கொள்ள, அதன் நிழல் நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் கடந்து ஊர்களின் மேல் படியும். அந்த நேரத்தில் வீடுகளில் விளக்கேற்றுவது நம் மண்ணின் வழக்கம். எச்சமயத்தார் இல்லமாயினும் விளக்கேற்றியபின் ஒரு வணக்கம் உண்டு. இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் உள்ள கத்தோலிக்க இல்லங்களில் செபமாலை ஒலிக்கும். அமெரிக்க மதுரை மிஷன் வழியே கிறித்தவம் தழுவிய குடும்பங்களில் தாய் பாயை விரிப்பாள். தந்தை வேதப் புத்தகத்தை எடுத்துவருவார். அதைத் திறப்பதற்கு முன் ஒரு கீர்த்தனை எழும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் பல்லவியைப் பிழையின்றிப் பாடும். பொருள் பின்னாளில் விளங்கும். மெட்டு முன்னமே நெஞ்சில் ஏறிவிடும்.

அத்தகைய பாட்டுகளைத் தமிழ்க் கிறித்தவ இல்லங்களுக்கு வழங்கியோருள் முதலிடம் பெறுபவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். சுவிசேடக் கவிராயர் என்று தமிழ்ச் சபையார் கொண்டாடிய பெரும்புலவர். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிதை எழுதுவோரும் கவிதையைச் சுவைப்போரும் கூடியிருக்கும் இம்மலரில், அவருடைய வாழ்வை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்று காண விழைகிறேன். பெற்றோர் தம் நம்பிக்கையை வீட்டில் பிள்ளைகளுக்கு எவ்வாறு கைமாற்றுகின்றனர் என்பதே அக்கோணம். சாஸ்திரியாரின் வாழ்வு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே படர்ந்திருக்கக் காண்கிறோம்.

தந்தை வீடு

வேதநாயகர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் சைவ வேளாளர் மரபில் அருணாசலம் பிள்ளையாகப் பிறந்தவர். கத்தோலிக்கத் திருமறையைத் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். தாயார் ஞானப்பூ அம்மாள். பிற்காலத்தில் இக்குடும்பம் லுத்தரன் மரபைச் சேர்ந்த குருமாரோடு தொடர்பு கொண்டது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமயத்தில் வாழ்ந்த குடும்பத்தில், பாட்டி பாடும் தாலாட்டு முதல் ஊர்த் திருவிழாவின் மேளம் வரை எல்லாமே குழந்தைக்குச் சமயத்தைப் போதிக்கின்றன. யாரும் உட்கார்ந்து பாடம் சொல்லவேண்டியதில்லை. தேவாரமும் திருவாசகமும் காற்றில் கலந்திருக்கும். அந்த வீட்டை விட்டு வெளியேறிப் புதிய மறையைத் தழுவிய ஒரு தந்தைக்கு இவையெல்லாம் ஒரே நாளில் இல்லாமற் போகின்றன. தன் பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து எதைப் பாடுவது? விழா நாளில் எந்தக் கும்மியை அடிக்கச் சொல்வது? நம்பிக்கை இருக்கிறது, அதைச் சுமந்து செல்லும் வீட்டுப் பாட்டு இல்லை. முதல் தலைமுறைக் கிறித்தவப் பெற்றோர் ஒவ்வொருவரும் உணர்ந்த வறுமை இது.

கற்பிக்க நூல்களே இல்லாமற் போகவில்லை. தமிழில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் பழமையானவற்றுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் என்றிக்கு அடிகளார் வெளியிட்டது, மறைக்கல்வி நூலே. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த கிரீசித்தியானி வணக்கமும் வினாவிடையாக அமைந்த மறைக்கல்வி நூலே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், மார்ட்டின் லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். லுத்தர் 1529-இல் எழுதிய அந்தச் சிறுநூல், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடே எழுதப்பட்டது. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், திருவிருந்து என ஒவ்வொன்றுக்கும் அது என்ன என்று பிள்ளை வினவ, தந்தை விடை கூறும் போக்கில் அமைந்தது.

வினாவிடை அறிவுக்குப் பிடிபடும். ஆனால் மடியில் கிடக்கும் மழலைக்கு வினாவிடை எட்டுமா? தரங்கம்பாடியார் செருமானியப் பாடல்களையும் தமிழில் பெயர்த்தனர். ஞானப்பாட்டு எனப்படும் அவை இன்றும் ஆலயங்களில் விரும்பிப் பாடப்படுகின்றன. ஆயினும் அவற்றின் மெட்டும் நடையும் ஐரோப்பிய மண்ணுக்கு உரியவை. ஏற்றம் இறைப்பவனுக்கும் உரலில் குத்துபவளுக்கும் அவை உடனே வாயில் வருவன அல்ல. தேவசகாயத்தின் வீட்டில் பிறந்த பிள்ளையே பின்னாளில் இந்தக் குறையைத் தீர்க்கப்போகிறான் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

வளர்ப்புத் தந்தையின் வீடு

1785-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயத்தைப் பிரதிட்டை செய்யத் தஞ்சையிலிருந்து சுவார்ட்சு ஐயர் வந்தார். அக்காலத்தையொட்டியே சிறுவன் வேதநாயகம் அவர் கண்ணில் பட்டான். சிறுவனுடைய கூர்மையைக் கண்ட ஐயர், தந்தையின் இசைவோடு அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதை எட்டும் பருவம்.

பெற்ற பிள்ளையை நெடுந்தொலைவுக்கு அனுப்பிவைத்த அந்தத் தந்தையின் மனத்தை எண்ணிப் பார்க்கலாம். தன் வீட்டில் இல்லாத ஒன்றைத் தன் மகன் பெறவேண்டும் என்னும் ஆவல் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கற்பிப்பது என்பதில் பிள்ளையைத் தக்கார் கையில் ஒப்படைப்பதும் அடங்கும் அல்லவா?

ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாறு சுவார்ட்சு ஐயருக்கும் புதிதன்று. செருமனி நாட்டில் சோனன்பர்க்கு என்னும் ஊரில் 1726-இல் பிறந்த அவர், நினைவு தெரியுமுன்பே தாயை இழந்தவர். மரணப் படுக்கையில் இருந்த அத்தாய், தன் மகனைக் கடவுளின் பணிக்கென நேர்ந்திருப்பதைக் கணவரிடமும் சபைக் குருவிடமும் கூறி, அவ்வாறே அவனை வளர்க்குமாறு வேண்டிக்கொண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் அனைவரும் குறிப்பர். தாயின் முகம் அறியாத மகன், தாயின் நேர்ச்சையை வாழ்நாள் முழுவதும் நிறைவேற்றினார். 1750-இல் தமிழகம் வந்தவர், 1798-இல் தஞ்சையில் கண்மூடும் வரை தம் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர் வீடு பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்ததில்லை. தரங்கம்பாடிக் குருவின் மகன் கோலாபு அவருடைய வளர்ப்பு மகனாகவே வளர்ந்து, அவருக்குப்பின் தஞ்சைச் சபையைக் காத்தார். 1787-இல் தஞ்சை மன்னர் துளஜாஜி மறையும் தறுவாயில், தாம் தத்தெடுத்த பத்து வயது இளவரசர் சரபோஜியின் பாதுகாப்பை இதே ஐயரிடம் ஒப்படைத்தார்.

ஆக, நெல்லைச் சீமையின் ஏழைப் புலவர் மகனுக்கும் தஞ்சை அரண்மனையின் இளவரசருக்கும் வளர்ப்புத் தந்தை ஒருவரே. இருவரும் ஒருசாலை மாணாக்கர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வயதில் இளவரசர் மூன்றாண்டு இளையவர். ஐயரின் அன்பிலும் அறிவிலும் இருவருமே திளைத்தனர். ஆனால் விளைவு வேறுவேறாயிற்று. வேதநாயகர் ஐயரின் நம்பிக்கையைத் தம் நம்பிக்கையாக ஏற்றுக் கவிஞரானார். சரபோஜியோ தம் முன்னோரின் சமயத்திலேயே கடைசிவரை நிலைத்திருந்தார். ஐயரிடம் அவர் பெற்றது கல்வியின் மேல் தணியாத வேட்கை. சரசுவதி மகால் நூலகத்தை அவர் பேணி வளர்த்த வரலாற்றைத் தமிழுலகம் அறியும்.

பிள்ளையை இளவரசராகக் கையில் பெற்ற ஐயர், அவரை வற்புறுத்தித் தம் மறைக்கு இழுக்க முயலவில்லை. அவருடைய அரசுரிமைக்காக ஆங்கிலேயரிடம் வாதாடினார். அவருக்கு ஊறு நேராதபடி 1793-இல் சென்னைக்கு அனுப்பிக் கல்வி தொடரச் செய்தார். அந்த அன்புக்கு அடையாளம் இன்றும் தஞ்சையில் இருக்கிறது. சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த ஆலயத்தில், பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கிய சலவைக்கல் புடைப்புச் சிற்பத்தைச் சரபோஜி நிறுவினார். படுக்கையில் ஐயர் கிடக்கிறார். மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கிறார். அருகே பள்ளிச் சிறுவர்கள் சிலர் நிற்கின்றனர். மறையை ஏற்காத மகனும் மகனே என்பதற்கு அந்தக் கல் சான்று. நம்பிக்கையை வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் அச்சிற்பத்தின் முன் ஒருமுறை நிற்கவேண்டும் என்பது என் எண்ணம். விதைப்பது நம் கையில். முளைப்பது நம் கையில் இல்லை.

கற்றதும் கற்பித்ததும்

தஞ்சையில் தொடங்கிய கல்வி தரங்கம்பாடியில் விரிந்தது. அங்கே ஜான் ஐயர் முதலிய அறிஞர்களிடம் வேதநாயகர் இறையியல் மட்டுமன்றி வானியல், புவியியல், உடற்கூறு, கணிதம் ஆகியவற்றையும் பயின்றார். தரங்கம்பாடிக் குருமார் செருமனியின் ஆல்லே கல்விச்சாலையோடு தொடர்புடையவர்கள். படைப்பை அறிவது படைத்தவனை அறிவதற்கு வழி என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை வேதநாயகரின் கவிதையில் ஆழப் பதிந்தது. 1794-இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், தஞ்சையில் உபதேசிமாருக்குப் பயிற்சி தரும் பள்ளியின் ஆசிரியராக அமர்த்தப்பட்டார்.

1800-ஆம் ஆண்டளவில் பெத்தலகேம் குறவஞ்சி பிறந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைத் தந்த நெல்லை மண்ணில் தோன்றியவருக்கு அந்த வடிவம் இயல்பாகவே கைவந்தது. பெத்தலகேம் நாயகனாகிய இயேசுபெருமான் உலா வருகிறார். அவர்மேல் காதல் கொண்ட சீயோன் குமாரத்தியாகத் தேவமோகினி என்னும் தலைவி சித்திரிக்கப்படுகிறாள். திருச்சபையே அத்தலைவி. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கும் சிங்கன் மறைபரப்பும் குரு. அவனுக்கு உதவும் நூவன் உபதேசி. விரிக்கும் வலை நற்செய்தி. வந்து விழும் பறவைகள் மனித ஆன்மாக்கள். நூலின் இடையே சூரியனை நடுவாகக் கொண்ட கோள்களின் அமைப்பையும் உலகின் கண்டங்களையும் நாடுகளையும் புலவர் பாடிச் செல்கிறார். தமிழில் நவீன வானியலைக் கவிதையாக்கிய முயற்சிகளுள் இது மிக முந்தியது.

இதை வெறும் இலக்கியப் புதுமை என்று கொள்ளுவது போதாது. குறவஞ்சி அன்று ஊரார் அனைவரும் கூடிக் கண்ட ஆடல். சிறுவரும் பெண்டிரும் மனப்பாடமாகப் பாடிய பாடல். அதனுள் தம் மறையைப் பெய்தபோது, பாடம் படிக்கிறோம் என்னும் உணர்வே இல்லாமல் பிள்ளைகள் பாடம் பெற்றனர். இதே நெறியில்தான் அவருடைய பிற நூல்களும் அமைந்தன. நோவா பேழை செய்த வரலாற்றை ஞானத்தச்ச நாடகமாக்கினார். நொண்டி நாடகம் பாடினார். மூட நம்பிக்கைகளைச் சாடிச் சாத்திரக் கும்மி பாடினார். வயலில் நீர் இறைப்போருக்கு ஞான ஏற்றப்பாட்டு தந்தார். உலா, அந்தாதி, மாலை எனப் பழைய சிற்றிலக்கிய வடிவங்கள் பலவும் அவர் கையில் புதுப்பொருள் பெற்றன. அவர் இயற்றிய நூல்கள் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவை என்பர்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் தந்தவை கீர்த்தனைகள். அவர் தஞ்சையில் வாழ்ந்த காலம் எத்தகையது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். தியாகராசர் 1847 வரையும் முத்துசாமி தீட்சிதர் 1835 வரையும் சியாமா சாஸ்திரிகள் 1827 வரையும் வாழ்ந்தனர். கருநாடக இசையின் மும்மூர்த்திகளும் சாஸ்திரியாரின் சமகாலத்தவர். காவிரிக் கரையின் காற்று அனைவருக்கும் பொது. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில், மக்களுக்குப் பழகிய இராகங்களில் அவர் பாடிய கீர்த்தனைகள், தேவசகாயத்தின் வீட்டில் இல்லாதிருந்த அந்தப் பாட்டை ஆயிரம் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. விடியலில் எழுந்தவுடன் பாட ஒன்று, துன்பத்தில் பாட ஒன்று, மணவீட்டில் பாட ஒன்று என வாழ்வின் ஒவ்வொரு வேளைக்கும் பாட்டு கிடைத்தது.

அவருடைய சொந்த வீடே அப்பாட்டுகளின் முதல் பள்ளி. மகள் ஞானதீப அம்மாளும் மகன் நோவா ஞானாதிக்கமும் தந்தையின் பாடல்களைக் கேட்டும் பாடியும் வளர்ந்தனர். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் மகளைப் பாடவும் கற்கவும் செய்த தந்தை அவர். பாடலும் விளக்கமுமாக அவர் நிகழ்த்திய காலட்சேபங்களில் வீட்டாரின் குரலும் சேர்ந்து ஒலித்தது. சாஸ்திரியார் என்னும் பட்டத்தையும் பாடும் பணியையும் அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்று நடத்தி வந்தனர். பொன்னையும் மண்ணையும் விட்டுச் செல்லாதவர் குரலை விட்டுச் சென்றார்.

அரண்மனை வாசலில்

அரியணை ஏறிய சரபோஜி தம் இளமைத் தோழரை மறக்கவில்லை. புலவரின் பாடல்களை அரண்மனையில் பாடச் செய்து மகிழ்ந்தார். ஒருமுறை மன்னர் தம் வழிபடு தெய்வத்தின் மேல் காப்புச் செய்யுள் அமைத்துக் குறவஞ்சி பாடித் தரக் கேட்டதாகவும், புலவர் அதற்கு இசையாமல் வீடு திரும்பி, தம் நெஞ்சை நோக்கி இயேசுவையே போற்றுமாறு ஒரு கீர்த்தனை பாடியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. மறுத்தவரை மன்னர் ஒறுக்கவில்லை. மறுத்தவரும் மன்னரை வெறுக்கவில்லை. ஒரே வளர்ப்புத் தந்தையிடம் வளர்ந்த இருவருள் ஒருவர் தம் சமயத்தில் உறுதியாக நின்றார்; மற்றவரும் தம் சமயத்தில் உறுதியாக நின்றார். இடையே அன்பு நின்றது.

வீட்டின் இருண்ட மூலை

இதுவரை சொன்னவற்றோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது புகழ்மாலை ஆகுமேயன்றி வாழ்க்கை வரலாறு ஆகாது. சாஸ்திரியாரின் வாழ்வில் நாம் தயங்கி நிற்கவேண்டிய ஓர் இடம் உண்டு.

சுவார்ட்சு ஐயரின் காலத்தில் தஞ்சை ஆலயத்தில் வேளாளக் கிறித்தவர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர் மறுபுறமுமாகத் தனித்தனியே அமர்ந்தனர். பழைய குருமார் இதனைக் காலப்போக்கில் மாறும் என்று பொறுத்துக்கொண்டனர். 1820-களில் வந்த புதிய குருமார் பொறுக்கவில்லை. அனைவரும் ஒன்றாக அமரவேண்டும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெறவேண்டும் என்றனர். இந்த மட்டில் அவர்கள் பக்கமே நியாயம். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்ற முற்பட்டனர். விழாக்களில் மலரையும் மணவீட்டு மரபுகளையும் தடுத்தனர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகள் பாடுவதையும் வெறுத்தனர்.

சாஸ்திரியார் எதிர்த்து எழுந்தார். விண்ணப்பங்கள் எழுதினார், சபையார் பலரை ஒன்றுதிரட்டினார். பாட்டுக்காகவும் மலருக்காகவும் தமிழ் வழக்குக்காகவும் அவர் எழுப்பிய குரலை இன்று நாம் தலைவணங்கிக் கேட்கிறோம். ஆனால் அதே விண்ணப்பத்தில், அதே மூச்சில், சாதிப்படி தனித்து அமரும் வழக்கத்தையும் அவர் காக்க முயன்றார். தாம் பிறந்த மரபின் பெருமையை அவரால் கழற்றி வைக்க முடியவில்லை. 1829-ஆம் ஆண்டளவில் தம் பணியை இழந்தார். நெடுங்காலம் கற்பித்த பள்ளியை விட்டு வெளியேறியவரைச் சரபோஜியே ஆதரித்து அவைப் புலவராக ஏற்றார். 1832-இல் மன்னர் மறைந்தபின் அந்த ஆதரவும் போயிற்று. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சைச் சபையில் நெடுங்காலம் புயல் வீசியது.

நாம் இதை எவ்வாறு எடுத்துக்கொள்வது? வீடு நமக்குத் தருபவை அனைத்தும் ஒரே கூடையில் வருகின்றன. தாயின் தாலாட்டோடு தந்தையின் சாதிப் பெருமையும் வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அன்போடு பெற்ற பிள்ளை, இரண்டையும் ஒரே புனிதமாக எண்ணிக் காக்கத் தொடங்குகிறது. சாஸ்திரியாரின் பெருமையும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து எழுந்தவை. வீட்டின் குரலைத் திருச்சபை மதிக்கவேண்டும் என்று அவர் போராடியது சரி. அந்த வீட்டுக்குள்ளேயே மாற்றப்பட வேண்டிய ஒன்று இருந்ததை அவர் காணவில்லை. எந்தப் பெருமான்மேல் காதல் கொண்டு பாடினாரோ, அவர் ஆயக்காரரோடும் தள்ளப்பட்டோரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்த ஒன்றை வாழ்வாக்குவது புலவருக்கும் அரிதாகவே இருந்திருக்கிறது.

வரலாறு தன் போக்கில் ஒரு விடை சொல்லிற்று. சாஸ்திரியார் எந்த மக்களோடு சேர்ந்து அமரத் தயங்கினாரோ, அந்த மக்களின் பிள்ளைகளும் அவருடைய பாட்டைத் தம் பாட்டாக ஏற்றுக்கொண்டனர். ஆசிரியரின் எல்லையை அவருடைய கவிதை தாண்டிற்று.

நம் பள்ளத்தாக்குக்கு வந்த வழி

தஞ்சையில் பிறந்த பாட்டு நம் மலையடிவாரத்துக்கு வந்த கதையும் சொல்லத்தக்கது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் 1834-இல் மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் காலூன்றினர். பின்னர் பெரியகுளத்திலும் நிலையம் அமைத்து வைகைக்கரைச் சிற்றூர்களுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் சென்றனர். சாலைகள் சீர்படாத காலம் அது. பெரியகுளத்தில் பணியாற்றிய தாவீது ஸ்கடர் என்னும் இளைஞர், 1862 நவம்பரில் வைகையைக் கடக்கையில் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார், வயது இருபத்தேழே.

அம்மிஷனரிமாருள் எட்வர்டு வெப் என்பவர் தமிழ் யாப்பையும் இசையையும் விரும்பிப் பயின்றவர். தம் நாட்டு மெட்டுகளில் தமிழைத் திணிப்பதைவிட, தமிழ் மெட்டுகளில் தமிழரைப் பாடவிடுவதே முறை என்று உணர்ந்தார். தஞ்சையில் புதிய குருமார் ஒதுக்கிய கீர்த்தனைகளை இவர் தேடித் திரட்டினார். 1853-இல் அவர் தொகுத்த கிறித்தவக் கீர்த்தனைத் தொகுதி வெளிவந்தது. அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு பெற்றன. கவிராயர் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தம் சபைக் குருமாரால் தள்ளப்பட்டவரின் பாட்டு, வேறொரு சபையாரின் கைவழியே மதுரைச் சீமையெங்கும் பரவியது. 1996-இல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை நம் ஊர்களெல்லாம் அந்த மதுரைச் சீமைக்கு உட்பட்டவையே.

ஏட்டிலும் கையெழுத்துப் படியிலும் இருந்தது அச்சில் வந்தவுடன், உபதேசியார் மூட்டையில் அது ஊர் ஊராகச் சென்றது. படிக்கத் தெரிந்த ஒருவர் வரி சொல்ல, தெரியாத பலர் வாங்கிப் பாடினர். மறுமுறை உபதேசியார் வருமுன் அது வீட்டுப் பாட்டாகிவிடும். வேதப் புத்தகத்தைப் படிக்க இயலாத தாய், அதன் வரலாறுகளைக் கீர்த்தனை வழியே தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். தஞ்சைத் தந்தை தம் மக்களுக்குச் செய்ததை, நம் மண்ணின் ஏழைத் தாய்மார் தம் மக்களுக்குச் செய்தனர்.

வேதநாயக சாஸ்திரியார் 1864-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் தஞ்சையில் மறைந்தார். சரபோஜியும் சுவார்ட்சும் இல்லாத தஞ்சையில் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தார். செல்வம் இல்லை, பதவி இல்லை, பாட்டு இருந்தது, பாடப் பிள்ளைகள் இருந்தனர்.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

இன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் நம் வீடுகளில் என்ன ஒலிக்கிறது? ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி. ஒவ்வொரு காதிலும் ஒரு தனிப் பாட்டு. பாயை விரித்து அனைவரும் சேர்ந்து பாடும் வீடுகள் குறைந்து வருகின்றன. கிறித்தவ வீடுகளுக்கு மட்டும் உரிய குறை அன்று இது. தேவாரம் ஒலித்த வீடுகளிலும் திருப்பாவை ஒலித்த வீடுகளிலும் இதே அமைதி படர்கிறது. பிள்ளைகளை ஞாயிறுப் பள்ளிக்கும் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அவ்விடங்களில் அவர்கள் அறிவைப் பெறலாம். அந்தியில் தந்தையின் குரல் சற்றே பிசகி ஒலிக்க, தாய் அதைத் திருத்திப் பாட, இருவருக்கும் நடுவே அமர்ந்து பெற்ற அந்த நம்பிக்கையை அங்கே பெற இயலாது.

சாஸ்திரியாரின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வன மூன்று. வீட்டில் கற்பிக்கும் எதுவும் வீட்டின் மொழியிலும் இசையிலும் அமையவேண்டும். இல்லையேல் அது வாசற்படியைத் தாண்டாது. இரண்டாவது, பிள்ளை ஏற்பினும் ஏற்காவிடினும் அன்பு குறையலாகாது. சுவார்ட்சு ஐயரின் கையைப் பற்றி நிற்கும் சரபோஜி அதற்குச் சான்று. மூன்றாவது, பிள்ளைக்குக் கொடுக்குமுன் நம் கூடையை நாமே ஒருமுறை கொட்டிப் பார்க்கவேண்டும். பாட்டை வைத்துக்கொண்டு பதரைக் களையவேண்டும். இந்த மூன்றாவதில் பெருங்கவிஞரே தவறினார் என்பது நம்மை இன்னும் விழிப்பாக இருக்கச் செய்யட்டும்.

பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் நம் வட்டத்தார் எந்தச் சமயத்தவராயினும், எச்சமயமும் சாராதவராயினும், ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் எழுதப்பட்ட ஒரு பாட்டை, ஆக்கியோன் பெயர்கூட அறியாத ஒரு தாய், மலை நிழல் கவிந்த ஒரு சிற்றூரில் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் பாடத்தக்க ஒரு வரியை நம்முள் எவரேனும் எழுதியிருக்கிறோமா?